ஓடும்போது அளந்த கிணறு

பேத்தி எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்க்கிறவள். விடுமுறைக்கு ஆயர் குரோவிலிருக்கும் என் வீட்டுக்கு வந்தாலும் மடிக்கணினியை மூடமாட்டாள். "என்னம்மா பண்றே?" என்றேன். "எண்ணெய் ஓடிட்டு இருக்கறப்ப கிணத்தடியில எவ்வளவு பிரஷர்னு பார்க்கிறேன் தாத்தா. எறங்கிப் பார்க்க முடியாதுலா, மேல இருந்தேதான் கணக்குப் போடணும்." உடனே எனக்குச் சைக்கிள் பம்பின் ரப்பர் வாடை மூக்கில் ஏறிவிட்டது.

சிரிக்காதீர்கள். வெள்ளைக்காரன் காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் நானும் அந்த வேலை பார்த்தவன்தான், தண்ணீருக்கு. ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் மெல்லிய குழாய் ஒன்றை இறக்கி, சைக்கிள் பம்பால் காற்றடிப்பேன். குழாயிலுள்ள தண்ணீர் முழுக்க வெளியேறியதும் அளவுமானியின் முள் ஏறாமல் நின்றுவிடும். அதை வைத்து உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். சைக்கிள் பம்பு அடிக்கிற இந்த உத்தியோகத்துக்கு ஒரு தொப்பியும் மிடுக்கும் வேறு.

பாயா ரும்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். காட்டிலிருந்தவர்களுக்குச் சோறு போகக்கூடாதென்று, சிதறிக் கிடந்த லயத்து வீடுகளின் கூலிச் சனங்களையெல்லாம் முள்கம்பி வேலிக்குள் குடிவைத்திருந்தார்கள். கிணறு ஒன்றுதான். அது வற்றினால் பெண்கள் வாசலில் சோதனைக்கு நின்று, வெளியே ஓடைக்குப் போகவேண்டும். சாயங்காலம் வாசலை மூடிவிட்டால் அதுவும் இல்லை. இன்னொரு கிணறு தோண்டுவதா என்பதை என் அளவைப் பார்த்துத்தான் மேலிடம் முடிவு செய்யும்.

நான் போனபோது கிணற்றடியைப் பெருக்கிக் கோலம் போட்டிருந்தார்கள். முள் விறுவிறுவென்று ஏறியது. "தண்ணி தாராளமா இருக்கே" என்று பெட்டியை மூடினேன். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோருக்குப் பெருமை தாங்கவில்லை.

கைக்குழந்தையோடு நின்ற செல்லம்மா அக்காதான் வாய் திறந்தார். "நேத்திலேருந்து யாரும் சொட்டுத் தண்ணி எடுக்கலங்கய்யா. ஆபீசர் வர்றப்ப கெணறு கொறையா இருந்தா மரியாதையா இருக்காதுன்னு மண்டோர் தண்ணி எறைக்கிற பம்பை நிறுத்திட்டாரு. புள்ளத் துணிகூட அலசல."

விருந்தாளிக்கு வெறும் பானையைக் காட்டாத சனம். கிணற்றுக்கும் அதே மரியாதையைச் செய்திருந்தார்கள்.

"பம்பை ஓட விடுங்க" என்றேன். குடங்கள் நிறைய நிறைய முள் இறங்கிக்கொண்டே வந்து அடியில் படுத்துவிட்டது. "நல்லதுன்னு நெனச்சுத்தான்யா செஞ்சேன்" என்றார் மண்டோர், பாவம். அந்த இரண்டாவது அளவைத்தான் மேலே அனுப்பினேன்.

புதுக் கிணறு வந்தபின் ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். முள்கம்பி வேலி நெடுகக் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. என் உத்தியோகத்தில் அதைவிடப் பெரிய பரிசு எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது அங்கே வரிசை வீடுகள். வேலியும் கிணறும் போய்விட்டன, செல்லம்மா அக்காவும் போய்விட்டார். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. அக்கா அன்று பேசியிருக்காவிட்டால், நிறைந்த கிணற்றின் பக்கத்தில் அந்தச் சனங்களைத் தாகத்தோடு விட்டுவிட்டு வந்திருப்பேன்.