அந்த வகுப்பு நூலகத்தில் பிறக்கவில்லை

ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலை கட்டினேன். அதை ஒட்டி ஷூ தைக்கும் கூடம் கட்டினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனை வங்கியில் உட்காரச் சொல்லக்கூட ஆளில்லாத காலத்தில் எழுப்பியவை. பிறகு கல்லூரிக்கு ஒரு கட்டடமும் கொடுத்தேன். அதன் வாசலில் என் பெயர் கல்லில் இருக்கிறது. கல்லில் வராத ஒன்றையும் நான்தான் தொடங்கிவைத்தேன். என் வயிற்றெரிச்சல் அதைப் பற்றியது.

அந்தக் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர், எங்கள் தரம்பிரிக்கும் மேசையருகே மூக்கில் கைக்குட்டையோடு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. வரவழைத்தது நான். அந்த வாரம் ஒரு லாட் தோலில் சாயம் திட்டுத்திட்டாக ஏறிவிட்டது. வெளிநாட்டு வியாபாரி காரணம் கேட்டார். அதே கல்லூரியில் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கிய எங்கள் கெமிஸ்ட், ‘தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்கள்’ என்று அழகான ஆங்கிலத்தில் பதில் போட்டார். ஆர்டரே போய்விட்டது. தோலில் கொழுப்பு சரியாக நீங்கவில்லை, அதனால் சாயம் பிடிக்கவில்லை. வாயால் கேட்டால் அதைக் கோவையாகச் சொல்கிற மனிதருக்கு எழுத வரவில்லை.

“எழுத்துக்குத்தான் நாங்க இருக்கோமே பாய், எங்ககிட்ட அனுப்புங்க” என்றார் பேராசிரியர்.

“நீங்க சொல்லிக் குடுத்துதான் சார் இப்படி எழுதறாரு. கெமிஸ்ட்ரிய எழுத கெமிஸ்ட்ரி வாத்தியார் சொல்லித் தரட்டும். காமர்ஸ எழுத காமர்ஸ் வாத்தியார்.”

“அப்போ எனக்கு இன்னா வேலை?”

“அந்த வாத்தியாருங்களுக்கு நீங்க சொல்லிக் குடுங்க.”

சிரித்தார். ஆனால் செய்தார். முரண்டு பிடித்த துறைகளை ஒவ்வொன்றாக மசிய வைத்தார். அவர் உழைப்பை நான் மறுக்கவில்லை.

போன மாதம் வேலூரில் ஒரு கூட்டம். ஓய்வு பெற்ற பேராசிரியர்தான் சிறப்புப் பேச்சாளர். “எல்லாத் துறைக்கும் எழுத்துப் பயிற்சி உள்ள கல்லூரிகள் எவை?” என்று கேட்டார். ராணிப்பேட்டை, சோளிங்கர், கலவை என்று சுற்றுப்பட்டிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். எனக்கு நெஞ்சு விம்மியது. அடுத்து, “இந்த எண்ணம் எனக்கு எங்கள் நூலகத்தில் உதித்தது” என்றார்.

தேநீர் நேரத்தில் ஓரமாக மடக்கினேன். “லைப்ரரியா சார்?”

“தோல் ஃபேக்டரின்னா இவங்க காது குடுப்பாங்களா பாய்? லைப்ரரின்னாதான் நோட் எடுப்பாங்க.”

பக்கத்தில் நின்ற கலவை ஆசிரியை ஒருவரிடம், உங்கள் கல்லூரியில் இந்த வகுப்பை யார் எடுக்கிறார்கள் என்று கேட்டேன். “இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்தாங்க. வேற யாரு எடுப்பாங்க?” என்றார். இன்னும் நாலு பேரைக் கேட்டேன். அதே பதில். வகுப்பு எல்லா ஊருக்கும் போய்விட்டது. எதற்காக வந்தது என்பது மட்டும் போகவில்லை. பிறந்த இடத்தை மறைத்தால் வேறென்ன ஆகும்?

கூட்டத்தின் உரைகளைப் புத்தகமாகப் போடப்போகிறார்களாம். அச்சுக்குப் போகுமுன் அதைப் போடுகிறவர்களிடம் கேட்கிறேன். இது தோல் வாடைக்கு நடுவில் தொடங்கியது என்று எழுதுங்கள். என் பெயர் பேராசிரியர் பெயருக்குக் கீழே வேண்டாம். பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும். கட்டடம் கொடுத்தவர் என்று போடாதீர்கள். யோசனை சொன்னவர் என்று போடுங்கள்.