ஓடுகிற குடும்பத்துக்கு ஒரு நாய்

எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் ஓடுகிறவர்கள். கணவர் விடிந்ததும் தேயிலைத் தோட்டப் பாதையில் ஓடிவிட்டுத்தான் ஃபேக்டரி ஆபீஸுக்குப் போவார். மகனுக்குக் கால்பந்து, மகளுக்கு ஹாக்கி. அப்படிப்பட்ட குடும்பம் முதன்முதலாக நாய் வாங்குவதென்றால் சும்மாவா? ஒரு மாதம் செல்போனும் கையுமாக ஆராய்ச்சி நடந்தது. ஊட்டிக் குளிருக்கு ஹஸ்கிதான் என்றான் மகன். பீகிள் என்றாள் மகள். தன் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க டாபர்மேன் வேண்டுமாம் கணவருக்கு.

என் யோசனை வேறு. குன்னூரில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் வரச் சொல்லியிருந்தார்கள். பதினாறு வருஷமாக எஸ்டேட் குவார்ட்டர்ஸின் நான்கு சுவரைப் பார்த்தவளுக்கு அந்தச் செய்தி எப்படி இனித்தது என்று சொல்லி மாளாது. நல்ல நேரம் பார்த்து வீட்டில் சொல்லலாம் என்று காத்திருந்தேன். மடத்தனம்.

ஒரு சனிக்கிழமை எல்லோருமாகக் கால்நடை டாக்டரிடம் யோசனை கேட்கப் போனோம்.

"எந்த ஜாதி நாய்ங்கறது அப்பறமுங்க. உங்க பக்கம் சிறுத்தை நடமாட்டம் ஜாஸ்தி. அஞ்சு மணிக்கெல்லாம் நாயை ஊட்டுக்குள்ள போட்டுத் தாப்பாப் போட்டாகோணும். அந்நேரத்துக்கு ஊட்ல யாருங்க இருப்பீங்க?" என்றார் அவர்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் நாய் வைத்திருக்கிற எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். இவ்வளவு ஆராய்ச்சியில் அது ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அம்மா இருப்பாங்க," என்றாள் மகள்.

கடை விட்டு பஸ் ஏறினால் எஸ்டேட் வந்து சேர ஏழு மணியாகும். "ஏனுங்க, நான் குன்னூர்ல ஒரு கடைக்கு வேலைக்குப் போலாம்னு இருக்கேனுங்க," என்று கணவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். "அதுக்கென்ன, போலாம். நாய் கொஞ்சம் பெருசாகட்டும்."

முடியாது என்றிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நாய் பெரிதானால் சிறுத்தை சைவமாகிவிடுமா?

"அப்ப லேப்ரடார் எடுங்க. அம்மா சொன்ன பேச்சக் கேக்கும்," என்று டாக்டர் முடித்துவிட்டார்.

குட்டி வந்தது. வர முடியாது என்று கடைக்கு ஃபோன் செய்தேன். முதல் ஊசி போட அதே டாக்டரிடம் போனபோது, அட்டையில் எழுதுவதற்காக ஓனர் பெயரைக் கேட்டார். மூன்று பேரும் ஒரே குரலில் என் பெயரைச் சொன்னார்கள். எனக்கு மரியாதை செய்கிறார்களாம். குடியிருப்பது எஸ்டேட் வீடு, வண்டி கணவர் பெயரில். எனக்கென்று எழுதப்பட்ட முதல் சொத்து மடியில் கிடந்து என் விரலைக் கடித்துக்கொண்டிருந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"பாருங்கப்பா, அம்மாவுக்கு அதுக்குள்ள எத்தனை பாசம்," என்றான் மகன்.