முன்னால் போகிறவன்

ஸ்பேனர் என்றால்தான் ஊரில் ஆளைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் கடைக்கு எதிர்வீட்டுக்காரரே உதட்டைப் பிதுக்குவார். சைக்கிள் மெக்கானிக். ஆளைப் பார்க்கும் முன் சைக்கிளைப் பார்ப்பது அவர் சுபாவம். மனைவியாக வரப்போகிறவளின் வீட்டுக்கு முதன்முதலாகப் போன அன்று, வாசலில் நின்ற சைக்கிளின் செயின் தொங்குவதைக் கண்டு அங்கேயே குந்திவிட்டார். உள்ளே எல்லோரும் காத்திருந்து காத்திருந்து எட்டிப் பார்த்தபோது மாப்பிள்ளையின் முழங்கை வரை கிரீஸ். "இவர் என்னைக் கட்டிக்க வந்தாரா, சைக்கிளைக் கட்டிக்க வந்தாரா?" என்று அவள் கேட்டது இன்றுவரை குடும்பத்தில் ஓடுகிறது.

அந்தச் சைக்கிள் அவளுடைய தம்பியினுடையது. வீட்டில் அவன் பெயர் சின்னவன். பிற்பாடு பத்திரிகைகள் புயல் என்றும் சூறாவளி என்றும் வாயில் வந்ததையெல்லாம் அவனுக்குப் பெயராக வைத்தன. ஸ்பேனருக்கு என்னவோ அவன் என்றைக்கும் சின்னவன்தான். அவன் பெரிய பந்தயங்களுக்குப் போக ஆரம்பித்ததும் அவனுடைய அணி அத்தானையும் சேர்த்தே வேலைக்கு எடுத்துக்கொண்டது. "அவர் தொடாத வண்டியில நான் ஏற மாட்டேன்" என்று அவன் பிடிவாதம் பிடித்துவிட்டான்.

நாட்டின் பெரிய பந்தயம் ஒரே நாளில் முடிகிற சமாச்சாரம் இல்லை. தினம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊர், சமவெளி, மலை என்று வாரக்கணக்கில் ஓடும். எல்லா நாளின் நேரத்தையும் கூட்டி, குறைவாக எடுத்தவனுக்குக் கோப்பை. சின்னவன் அதை மூன்று முறை வாங்கியிருந்தான். நான்காவது முறை வாங்கியவர் யாரும் இல்லை. அவனுக்கோ வயது ஏறிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் விட்டால் அவ்வளவுதான் என்பது அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

புறப்படும்போது மனைவி ஸ்பேனரைச் சமையலறைக்குள் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள். "கோப்பை வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். என் தம்பியை முழுசா கொண்டுவந்து சேர்த்துடுங்க."

"என் வண்டி அவனைக் கைவிடாது."

"நான் வண்டியைப் பத்திப் பேசலைங்க" என்றாள் அவள்.

முதல் நாளே விழுந்தான். குறுகலான தெரு, இருபுறமும் கூட்டம். படம் எடுக்கிற ஆசையில் ஒருவர் கையை நீட்ட, முன்னால் போனவன் தடுமாற, இருபது பேர் குவியலாகச் சரிந்தார்கள். சின்னவனுக்குத் தோளில் சிராய்ப்பு. அவனுக்குப் பிடித்த நீல சைக்கிளின் சட்டம் இரண்டாக உடைந்துபோனது. ஸ்பேனர் மாற்று வண்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, உடைந்ததை அணியின் சைக்கிள்களை ஏற்றிவரும் ட்ரக்கின் உள்சுவரில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டார்.

இரண்டாம் நாள் மழை. ஒரு ரவுண்டானாவில் சக்கரம் வழுக்கி, நடைபாதைக் கல்லில் தலை போய் மோதியது. ஹெல்மெட் பிளந்துவிட்டது. அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விழுந்தவனிடம் முதலில் ஓடிப்போவது டாக்டர் இல்லை, மெக்கானிக். வண்டியை நிமிர்த்தி, ஆளை ஏற்றி, முதுகில் கை வைத்துத் தள்ளிவிட வேண்டும். ஒவ்வொரு நொடிக்கும் கணக்கு இருக்கிறது. ஸ்பேனரும் அதைத்தான் செய்தார். செயினைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், புது ஹெல்மெட்டை மாட்டினார், தள்ளினார். அவனுடைய கண்ணைப் பார்க்கவில்லை.

தள்ளும்போது சின்னவன் கேட்டான். "அவன் போயிட்டானா அத்தான்?"

"யாருடா?"

அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. போட்டிக்காரனைத்தான் கேட்கிறான் என்று ஸ்பேனர் நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஹோட்டல் அறையில் அணியின் டாக்டரம்மா அவனைக் கட்டிலில் உட்காரவைத்து வெகுநேரம் சோதித்தாள். இன்று என்ன கிழமை, நாளைக்கு எந்த ஊர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி. எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னான். வெளியே வந்து அவள் ஸ்பேனரிடம் சொன்னாள். "இப்போதைக்கு ஒண்ணும் தெரியலை. தலையில பட்ட அடி உடனே காட்டிக்கொடுக்காது. அவர் உங்ககிட்டதான் மனசு விட்டுப் பேசுவார். வித்தியாசமா ஒரு வார்த்தை பேசினாக்கூட எனக்குச் சொல்லணும். நான் அன்னைக்கே நிறுத்திடுவேன்." ஸ்பேனர் தலையாட்டினார்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் சின்னவன் செருப்பைத் தேய்த்துக்கொண்டு ட்ரக்குக்கு வந்தான். வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"என் நீல வண்டியை யாருக்குக் குடுத்தீங்க?"

"யாருக்குக் குடுப்பேன்? அதுதான் உடைஞ்சு போச்சே."

"இல்ல, அவன் அதுலதான் போறான். இன்னைக்குப் பூரா எனக்கு முன்னாடி போனான். உடம்புல ஒரு கீறல் இல்ல, சட்டையில மண்ணு இல்ல. திரும்பியே பாக்க மாட்டேங்கறான்."

ஸ்பேனர் சுவரைக் காட்டினார். உடைந்த நீல வண்டி தொங்கிக்கொண்டிருந்தது. சின்னவன் கிட்டே போய், சட்டம் முறிந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினான். "அப்போ இது என்ன?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். விளையாடுகிறான் என்று ஸ்பேனரும் சிரித்தார். சிரிப்பு முடிந்தபோதுதான் தன் கைமயிர் குத்திட்டு நிற்பதைப் பார்த்தார்.

டாக்டரம்மாவின் அறை மேல்மாடியில், ஏறிப்போக ஒரு நிமிஷம் ஆகாது. ஸ்பேனர் மாடிப்படி வரை போனார். போனவர், நாலாவது கோப்பை, கடைசி வருஷம் என்றெல்லாம் மனதுக்குள் முனகிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் நாள் அணியின் காரை மேனேஜர் ஓட்ட, ஸ்பேனர் பின்சீட்டில் உதிரிச் சக்கரங்களோடு இடுங்கி உட்கார்ந்திருந்தார். வீரர்களின் காதில் செருகிய ரேடியோ காரோடு பேசும். முன்னால் எத்தனை பேர், எவ்வளவு இடைவெளி என்று சொல்லிக்கொண்டே வரவேண்டும். மதியத்துக்கு மேல் சின்னவன் கூட்டத்தை உதறிவிட்டுத் தனியாகப் பாய்ந்தான். அவனுக்கு முன்னால் வெறும் சாலை. அன்றைக்குத்தான் தார் ஊற்றியதுபோல் கறுத்துப் பளபளத்த புதுச் சாலை.

"அத்தான், எவ்வளவு இடைவெளி?"

"பின்னாடி ரெண்டு நிமிஷம். பிரமாதம்!" என்றார் மேனேஜர்.

"முன்னாடி கேட்டேன்."

மேனேஜர் விழித்தார். "முன்னாடி ஈ காக்கா இல்ல."

"அத்தான்கிட்ட குடுங்க. அவர்தான் பொய் சொல்ல மாட்டார்."

மேனேஜர் மைக்கைக் கையால் பொத்தியபடி பின்னால் நீட்டிக் கிசுகிசுத்தார். "ஏதாவது ஒரு கணக்கைச் சொல்லித் தொலைங்க. மிதிக்கட்டும்."

இடைவெளி கேட்டால் எண் சொல்வது பல வருஷப் பழக்கம். நாக்கு முந்திக்கொண்டது. "நாப்பது செகண்ட்" என்றார் ஸ்பேனர்.

சின்னவன் பேய் பிடித்தவன் மாதிரி மிதித்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். "முப்பது" என்றார். மறுபடி. "இருபத்தஞ்சு." ஒவ்வொரு எண்ணும் வாயை விட்டுப் போகும்போது, முன்னால் கிடந்த வெறும் சாலையில் நிஜமாகவே எவனோ போய்க்கொண்டிருப்பது போல ஸ்பேனருக்குப் பட்டது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுக்கூடப் பார்த்தார்.

அன்று அவன்தான் முதலில் வந்தான். கோட்டைத் தாண்டும்போது கையைத் தூக்கவில்லை. ஓடிப்போய்த் தாங்கிய ஸ்பேனரிடம், "அவனை எவ்வளவுல விட்டேன்?" என்று கேட்டான். சுற்றிலும் கேமராக்கள் மின்னின. இரண்டு முறை விழுந்தும் எழுந்த சிங்கம் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின.

மனைவி போன் செய்தாள். "டிவியில பாத்தேன். ஜெயிச்சவன் மூஞ்சி மாதிரி இல்லையே அது."

"களைப்பு."

"என் தம்பிக்குக் களைப்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? நீங்க என்னத்தை மறைக்கறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு ட்ரக்குக்குள் போனார். வண்டிகளைக் கழுவ வேண்டிய நேரம். கழுவிக்கொண்டே வந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பியபோது கையிலிருந்த துணி கீழே விழுந்தது. உடைந்த நீல வண்டியின் பின்சக்கரத்தில் புதுத் தார் ஒட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தார். விரலில் இழுபட்டது, இன்னும் காயவில்லை. மற்ற வண்டிகளை ஏற்றும்போது உரசியிருக்கலாம். இருக்கலாம், யார் கண்டது! மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். அதையும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதையே சொல்லாத மனுஷன், இதை எங்கே போய்ச் சொல்வார்?

நான்காம் நாள் மலை. ஏற்றத்திலேயே எல்லோரையும் கழற்றிவிட்டு, உச்சியைத் தொடும்போது மொத்தப் பந்தயத்துக்கும் சின்னவன்தான் முதல் ஆள். மேனேஜர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிக் கூத்தாடினார். அதற்கப்புறம் இறக்கம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் முழங்கால் உயரக் கல்சுவர், அதற்கு அந்தப் பக்கம் பனி நிரம்பிய பள்ளம். சாலை பாம்பாக நெளிந்து நெளிந்து கீழே போனது.

ரேடியோவில் சின்னவனின் குரல் வந்தது. மூச்சு வாங்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து கதை பேசுகிற குரல்.

"அத்தான், இவன் எப்படி ஜெயிக்கறான்னு இப்பதான் புரியுது."

"எப்படி?" என்று மைக்கை வாங்கிக் கேட்டார் ஸ்பேனர்.

"வளைவுல திரும்பறதே இல்ல. நேரா போயிடறான். அப்புறம் பாத்தா கீழ் ரோட்டுல போயிட்டிருக்கான். நான்தான் பைத்தியக்காரன் மாதிரி ஒவ்வொரு வளைவா பிரேக் பிடிச்சுட்டு வரேன்."

ஸ்பேனர் முன்னால் சாய்ந்தார். "டேய், சின்னவனே! அங்க யாரும் இல்லடா. நான் சொன்னதெல்லாம் பொய். கேக்குதா? பொய்!"

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. நேத்து முழுக்க நீங்கதானே கணக்குச் சொன்னீங்க?" என்று சிரித்தான். "அடுத்த வளைவுல நானும் நேரா போறேன்."

மேனேஜர் முகம் வெளுத்தது. ஆனாலும் வாயிலிருந்து வந்தது, "உளறுறான், விடுங்க, இன்னும் பத்து கிலோமீட்டர்தான்" என்பதுதான். காருக்கு முன்னால் சின்னவன் பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்துவிட்டது தெரிந்தது. ஸ்பேனர் அந்த நொடியில் சைக்கிளைப் பார்க்கவில்லை. அவனுடைய பிடரியை, அக்காவுக்கு இருப்பதைப் போலவே சுருண்டு கிடக்கும் மயிரைப் பார்த்தார். மைக்கை வாயோடு ஒட்டிக் கத்தினார்.

"சின்னவனே, அவன் நின்னுட்டான்! முடியலைன்னு இறங்கிட்டான். நீ ஜெயிச்சுட்டே. பிரேக்கைப் பிடி!"

மேனேஜர் மைக்கைப் பிடுங்கப் பார்த்தார். ஸ்பேனர் அவர் கையை ஒரு தட்டுத் தட்டினார். முன்னால் சக்கரங்கள் கிறீச்சிட்டன. கல்சுவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

அவர் ஓடிப்போனபோது சின்னவன் சுவர்மேல் உட்கார்ந்து பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஜெயிச்சுட்டேனா அத்தான்?"

"ஜெயிச்சுட்டேடா." ஸ்பேனர் அவனைக் கட்டிக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதார். பின்னால் வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக அவர்களைத் தாண்டிப் போனார்கள். சைக்கிள் நடுரோட்டில் கிடந்தது. அதை யாராவது எடுத்து ஓரமாக வைக்கட்டும் என்று அவருக்குத் தோன்றக்கூட இல்லை.

மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டாக்டரம்மா ஸ்பேனரைத் திட்டவில்லை. பக்கத்தில் நின்று, "எப்போலேர்ந்து தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். அவர் சொன்னார். அவள் திரும்பி நடந்துவிட்டாள். அணி அவரை வீட்டுக்கு அனுப்பியது. முதலிடத்தில் இருந்தவன் நடுவழியில் ஏன் இறங்கினான் என்று ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. பயந்தான் என்றார்கள், விலைபோனான் என்றார்கள். சாதனைப் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே மூன்று என்ற எண்ணும், கடைசி வருஷத்தில் 'விலகினார்' என்ற வார்த்தையும் நின்றுவிட்டன.

சின்னவன் தேறிவிட்டான். வெயில் பட்டால் தலைவலி, அவ்வளவுதான். பகலில் அத்தான் கடையில் வந்து உட்காருவான், பஞ்சர் ஒட்டுவான், டீ வாங்கி வருவான். அந்த நான்கு நாளும் சுத்தமாக ஞாபகம் இல்லை என்று டாக்டர்களிடம் சொல்லியிருந்தான். வீட்டில் யாரும் அதைக் கிளறுவதில்லை.

ஒருநாள் சக்கரம் வாங்க வந்த ஒருவர் அவனை அடையாளம் கண்டுகொண்டு, மூஞ்சிக்கு நேராகவே கேட்டுவிட்டார். "ஏன் சார் அன்னைக்கு நின்னுட்டீங்க? நாலாவது உங்க கையில இருந்துச்சே." சின்னவன் சிரித்து மழுப்பினான். ஆள் போன பிறகு டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"நான் ஏன் நின்னேன் அத்தான்?"

ஸ்பேனர் கையிலிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு அவன் எதிரே வந்து உட்கார்ந்தார். "நான்தான் நிறுத்தினேன். என்னைத் திட்டணும்னா திட்டு."

சின்னவன் அவரையே பார்த்தான். கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை. குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாரோ இருப்பதுபோல, கேட்டான்.

"அப்போ அவன் நிக்கவே இல்லையா?"

கடைக்கு வெளியே சாலை வெறிச்சென்று கிடந்தது. ஸ்பேனருக்கு இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார்.

"இல்லடா. அவன் போயிட்டான். நீ எங்ககூட இருக்கே."

சின்னவன் மெதுவாகத் தலையாட்டினான். கண் சாலையின் கோடியில் நிலைத்திருந்தது.

"எவ்வளவு தூரம் போயிருப்பான்?" என்று கேட்டான்.

ஸ்பேனர் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார். தெரியாது என்றார்.