அப்பாவின் சட்டைப் பை

தையல்காரர் வீட்டுக்கும் பக்கத்திலிருந்த கம்பவுண்டர் வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் அகலத்தில் ஒரு சந்து. அது யாருக்குச் சொந்தம் என்று பேச்சு வந்தபோது தையல்காரர் தம் அப்பாவின் பழைய படத்தைக் கொண்டுவந்து காட்டினார். தெருவில் அப்பா நிற்கிறார். பின்னால் இரண்டு வீடுகளும் ஒரே அச்சில் வார்த்ததுபோல. மழையில் எப்போதோ விழுந்துபோன குட்டிச்சுவர், படத்தில் கம்பவுண்டர் வீட்டை ஒட்டி நின்றது. சுவர் அந்தப் பக்கம் என்றால் சந்து இந்தப் பக்கத்துக்குத்தானே என்றார்.

கம்பவுண்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "சரிங்க, நீங்களே வெச்சுக்குங்க" என்று எழுந்து போனார்.

சந்துக்குக் கதவு வந்தது, பூட்டு வந்தது. கால் சரியில்லாத கம்பவுண்டர் மனைவி பின்தெருக் கடைக்குப் போகத் தெருவையே சுற்றினாள். கம்பவுண்டரும் அதன்பிறகு சட்டைத் துணியோடு கடைப்படி ஏறவில்லை. தோற்ற கடுப்பு, தானே ஆறிவிடும் என்று இவர் மிதப்பில் இருந்தார். ஆறுவதற்குள் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்த வருஷம் தெருக்கோடி டீச்சர் வீடு வீடாக ஏறிப் பழைய படங்களைத் திரட்டிச் சங்கத்து அறையில் கயிறு கட்டி மாட்டினார். பேங்க் இருக்குமிடத்தில் விறகுக் கடை. டாக்டர் வீட்டு வாசலில் எருமை. எல்லாரும் சிரித்தார்கள். தையல்காரரும் சிரித்துக்கொண்டே வந்தவர், வாடகை சைக்கிளோடு பிள்ளைகள் நின்ற ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டார். பின்னால் அதே இரட்டை வீடுகள். குட்டிச்சுவர் அவர் வீட்டை ஒட்டி இருந்தது.

"டீச்சர், இதைத் திருப்பிப் பிரிண்ட் போட்டுட்டாங்க போல."

"இல்லையே, கடை போர்டு நேராத்தானே இருக்கு? பாருங்க, படிக்க முடியுது."

தையல்காரர் அதே கயிற்றில் தொங்கிய தம் அப்பாவின் படத்திடம் போனார். இடது மார்பில் இருக்கவேண்டிய சட்டைப் பை வலது மார்பில் இருந்தது. ஊரார் சட்டையில் நூல் பிசகினால் நாலு வீடு கேட்கக் கத்துகிறவர், பெற்ற அப்பாவின் சட்டையைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லையா, பார்க்க மனம் வரவில்லையா? வேண்டியது கைக்கு வந்தபின் யார் துருவுகிறார்கள்! வாயை மூடிக்கொண்டால் ஈ காக்கைக்குத் தெரியாது என்றும் ஒரு கணம் தோன்றியது. தோன்றியதே அசிங்கமாக இருந்தது. நேரே வீட்டுக்குப் போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, அப்பா படம் திரும்பி விழுந்திருக்கு. சந்து உங்களுது. சத்தியமா எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

அவள் ஆச்சரியப்படவில்லை.

"அவரு அன்னைக்கே பாத்துட்டாரு அண்ணே. பை வலது பக்கம் இருக்குன்னாரு."

"அப்புறம் ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"'தையக்காரர் கண்ணுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சே காட்டுறவர்கிட்ட என்னத்தப் பேச'ன்னாரு. சாகுற வரைக்கும் அதேதான் சொன்னாரு."

"எனக்குத் தெரியாதும்மா" என்று மறுபடியும் சொன்னார்.

அவள் சாவியை வாங்கிக்கொண்டு தலையாட்டினாள். நாளைக்கு நிச்சயம் தைத்துத் தருகிறேன் என்று இவர் சொல்லும்போது வாடிக்கைக்காரர்கள் தலையாட்டுவார்களே, அப்படி.