ஏசியைத் தின்ற துப்பாக்கி

அன்று புஜைரா லேபர் கேம்பில் எங்கள் அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், ஏசி மெக்கானிக்கான குமரிக் கடற்கரைத் தம்பி, ஸ்டோரில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணன். நான்காவது கட்டில்காரர் டூட்டிக்குப் போயிருந்தார், தப்பித்தார்.

என் விசா புதுப்பிக்கப் போயிருந்த வாரம் அது. எட்டாவதோடு பள்ளியை விட்டவனுக்கு விசாதான் படிப்பு, விசாதான் பட்டம். கேம்பிலிருந்து ஒரு புகார் போனால் போதும், ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து இந்தத் தம்பி என் கட்டில் மேல் பலகையைப் போட்டு, இரண்டு செம்புப் பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் திருகி, நடுவில் ஒரு அலுமினியத் துண்டைச் செருகி வைத்திருக்கிறான்.

"என்னடா இது?"

"துப்பாக்கி அண்ணே. ரவையும் இல்ல, மருந்தும் இல்ல. கரண்டு இந்தப் பட்டைல போயி, துண்டு வழியா தாண்டி, அந்தப் பட்டைல திரும்பி வரும். அப்ப உண்டாவுத காந்தம் துண்டை வெளிய தள்ளும். அம்புட்டுதான்."

"உது வெடிச்சா முதல்ல ஆர் சாகிறது தம்பி?" என்றார் யாழ்ப்பாணத்து அண்ணன்.

"இந்த அண்ணன்தான். இவருக்க கட்டில்லலா இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கரண்டைச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் கொட்ட வேண்டுமாம். அதற்குக் கெப்பாசிட்டர் வேண்டும். குப்பைக்குப் போன ஏசிகளில் கழற்றியது போதாதென்று எங்கள் அறை ஏசியிலும் கை வைத்திருந்தான். காலையிலிருந்து ஏன் வெந்துகொண்டிருந்தோம் என்று அப்போதுதான் புரிந்தது. புஜைரா வெயிலில் செய்கிற வேலையா இது?

"கழட்டுடா!" என்று கத்துவதற்குள் பட்டனை அழுத்திவிட்டான். படீரென்று நீல வெளிச்சம். துண்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அத்தனை கரண்டும் சூடாகி, வெல்டிங் வைத்ததுபோல் துண்டு பட்டையோடு ஒட்டிக்கொண்டது. என் பெட்ஷீட்டில் ஓட்டை. கேபிள் கருகி, அறை வரிசை முழுக்க லைட் போய்விட்டது.

அதோடு விட்டானா? போனில் எடுத்திருந்த வீடியோவை, 'துப்பாக்கி, நம்ம ரூம் தயாரிப்பு' என்று எழுதி கேம்ப் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். பஸ் எப்போது வரும், தண்ணீர் எப்போது நிற்கும் என்று சொல்கிற குரூப் அது. அதை நடத்துவதே கேம்ப் பாஸ்தான். மடையன்!

வந்துவிட்டார். "பந்தூக்? கிஸ்கா பெட்?" துப்பாக்கியா, யார் கட்டில் என்கிறார். கட்டில் என்னுடையது. யாழ்ப்பாணத்து அண்ணன்தான் விளையாட்டுச் சாமான் என்று கெஞ்சி நம்பவைத்தார். மேலிடத்துக்குப் புகார் எழுதாமல் இருக்க வேண்டுமானால் ஏசிக்கும் கேபிளுக்கும் அறையின் சீனியர் இன்றே பணம் கட்டணும், கலாஸ், அத்தோடு முடிந்தது என்றார் பாஸ். சீனியர் நான்தான். அறுநூறு திர்ஹம் கட்டினேன். விசா தப்பியது.

தம்பி நூற்றைம்பது கொடுத்தான். பிறகு வேறு கேம்புக்கு மாறிப் போனான். கேட்டால், "அடுத்த மாசம் அண்ணே." நேற்று ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். புதுப் பட்டை, புதுக் கெப்பாசிட்டர், துண்டு ஒரு சாண் பாய்கிறது. அதற்கெல்லாம் காசு இருக்கிறது. எனக்கு வரவேண்டியது நானூற்றைம்பது திர்ஹம்.