ருசி பார்க்காத கை

போன ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு என் வீட்டுக் குசினியில் ஸ்டேக் வெந்துகொண்டிருந்தது.

என் வீட்டில்! வெள்ளிக்கிழமை விரதம், கிருத்திகை விரதம் என்று வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிற இந்த மனுஷன் வீட்டில்! வெந்தது மட்டுமா? வேக வைத்தவனே நான்தான்.

கோபக் கடிதம் எழுதப் பேனா மூடியைத் திறந்துவிட்டீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அது மாட்டுக்கறி இல்லை, ஆட்டுக்கறி. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று நான் செய்திருக்கிறேன். கடிதத்தை அதற்கு எழுதுங்கள்.

என் அண்ணன் போன வருஷம் நெஞ்சுவலியில் தவறிப்போனார். செங் ஊர்ப் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில், வெள்ளைக்கார ரப்பர் துரையின் பங்களாவில் பதினொரு வருஷம் கோக்கியாக இருந்தவர். துரைக்கும் துரைசானிக்கும் மூன்று வேளையும் சமைத்துப் போட்டவர். மெர்டேக்கா வந்தது, நாடு சுதந்திரமானது. துரை கப்பலேறினார். அண்ணனுக்கு வேலை போயிற்று. கொஞ்ச நாளில் அண்ணனும் போய்விட்டார்.

வருஷப் படையல் எங்கள் வீட்டில்தான். அப்பா அம்மா படங்கள் இங்கே காஜா பேராங்கில் இருப்பதால் அண்ணனுக்கும் இங்கேயே என்று முடிவு. அண்ணி இப்போது மகளோடு பத்து பெரெண்டாமில் இருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் துண்டில் சுற்றிய அண்ணன் படம். தோளில் ஒரு பை.

படையல் என்றால் இறந்தவருக்குப் பிடித்ததைச் செய்து இலையில் வைப்பது. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? எங்கள் பக்கத்து வீட்டுச் சிட்டிக்காரர்கள் நம் பழைய வம்சம்தான்; மலாய்தான் பேசுவார்கள், தமிழ் பேச வராது. ஆனால் பெரியவர்களுக்குப் படைப்பதில் நம்மைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள்.

என் மனைவி தனம் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மாமாவுக்கு என்னக்கா பிடிக்கும்? கருவாட்டுக் குழம்பு... முருங்கைக்காய்... அப்புறம் சுருட்டு ஒண்ணு வைக்கணும்.”

“அதெல்லாம் வைங்க,” என்றார் அண்ணி. “கூட ஒரு ஸ்டேக் வைக்கணும்.”

தனத்தின் பென்சில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள்.

“ஆட்டுக்கறிலதான்,” என்றார் அண்ணி. “அவரு வீட்டுல செஞ்சா ஆட்டுக்கறிலதான் செய்வாரு. வேற எதுவும் எங்க வீட்டுப் படி ஏறினது இல்ல.”

“அதுக்கென்னக்கா, நீங்க சொல்லிக் குடுங்க, நான் செய்யறேன்,” என்றாள் தனம்.

“நீ இல்லம்மா. தம்பிதான் செய்யணும்.”

நான் சிரித்துவிட்டேன். நான் பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர். எனக்குத் தெரிந்த சமையல் வெந்நீர் போடுவது.

“கல்யாணமாகி பதினெட்டு வருஷம் ஆச்சு, இவர் ஒரு வெங்காயம் உரிச்சு நான் பாத்ததில்லக்கா!” என்று தனமும் சிரித்தாள்.

அண்ணி சிரிக்கவில்லை. படத்தைத் துண்டோடு மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“அவரு கையால செஞ்சத நீங்க சாப்பிடல, தம்பி. உங்க கையால செஞ்சத அவரு சாப்பிடட்டும். முடியாதுன்னா சொல்லிடுங்க. கோவமெல்லாம் இல்ல. கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. படத்த எடுத்துட்டுப் போயி மக வீட்டுலயே படைச்சுக்கறேன்.”

என் சிரிப்பு நின்றது.

இங்கேதான் அந்தத் தப்பைச் சொல்ல வேண்டும்.

அண்ணன் பங்களா வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தீபாவளி. விடிந்ததும் ஒரு டிபன் கேரியரோடு வந்தார். “தம்பி, ஆட்டுக்கறி வாங்கி துரை வீட்டு மாதிரி செஞ்சிருக்கேன். சுடச் சுட சாப்பிடு,” என்றார். அப்படி ஒரு சந்தோஷம் முகத்தில். நான் வாங்கிக்கொண்டேன். குசினிக்குக் கொண்டுபோகவில்லை. பின்வாசலில் வைத்தேன். தினமும் மாட்டிறைச்சி தொடுகிற கை... தொடுகிறவன் தின்னாமலா இருப்பான்? அந்தக் கையால் செய்தது என் பிள்ளைகள் தட்டிலா? அண்ணன் போனதும் அப்படியே தெருநாய்க்குக் கொட்டினேன். கேரியரைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, சாயங்காலமே திருப்பிக் கொடுத்தேன்.

வெறும் கேரியர். நல்ல நாளில் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பார்களா? ஒரு பிடி சர்க்கரையாவது போடமாட்டார்களா? அண்ணன் மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார். “நல்லாத் தேய்ச்சிருக்க,” என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் என் வீட்டுக்கு எதுவும் கொண்டுவந்ததில்லை. வந்தால் முதலில் பைப்படிக்குப் போவார். சவுக்காரம் போட்டு முழங்கை வரை கழுவுவார். பிறகுதான் படியேறுவார். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். மரியாதை தெரிந்த மனுஷன் என்று வேறு நினைத்துக்கொள்வேன்!

“படத்தக் குடுங்க அண்ணி,” என்றேன். “நான் செய்யறேன்.”

காலையில் முதல் ஆளாகப் பாசாரில் நின்றேன். வழக்கமாகக் கறி வாங்கும் பாய் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

“குழம்புக்கா, பிரட்டலுக்கா?”

“ஸ்டேக்குக்கு. தொடையில எலும்பில்லாம, கட்டைவிரல் கனத்துக்கு வேணும்.”

பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “யா அல்லா! துரைங்கல்லாம் போயிட்டாங்கன்னு பாத்தா... நீங்க எப்பத் துரையானீங்க?”

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

குளித்து, திருநீறு பூசி, அடுப்படிக்குப் போனேன். அண்ணி ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் எதையும் தொடவில்லை. சொல்ல மட்டும் செய்தார்.

கறியைப் பாட்டிலின் அடிப்பக்கத்தால் தட்ட வேண்டும். நைந்துவிடக்கூடாது, நார் தளர வேண்டும், அவ்வளவுதான். பூண்டு, மிளகு இடித்துப் போட வேண்டும். கடுகு அரைத்தது, புளிப்புக்குக் காடி, ஒரு கரண்டி எண்ணெய். அப்புறம் அந்தக் கறுப்பு சாஸ். துரை கப்பலேறுகிறபோது அண்ணனுக்குக் கொடுத்த பாட்டில்; கால் பாட்டில் மிச்சம் இருந்ததை அண்ணி பையில் கொண்டுவந்திருந்தார். எல்லாம் தடவி, மூடி, ஆறு மணியிலிருந்து பதினொன்றரை வரை ஊற விட வேண்டும். கடைசி அரை மணிக்குப் பப்பாளிக்காய்த் துருவல்.

“அதுக்கு மேல வச்சா கறி களியாயிடும்,” என்றார் அண்ணி. “உப்பு இப்பப் போடாதீங்க. தண்ணி விட்டுடும். அடுப்புக்குப் போற நிமிஷந்தான் உப்பு.”

பதினோரு மணிக்குப் பப்பாளித் துருவலையும் தடவி முடித்தேன். விரலெல்லாம் சாஸ். என்னையறியாமல் விரல் வாய்க்குப் போனது.

“தம்பி! கை!”

திடுக்கிட்டு நின்றேன். சாமிக்கோ பெரியவர்களுக்கோ படைக்கிறதைப் படைப்பதற்கு முன்னால் ருசி பார்க்கக் கூடாது. இந்த வீட்டில் அந்தச் சட்டத்தைப் போட்டவனே நான்தான். தனம் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கியவன்!

“ருசி பாக்காம காரம், புளிப்பெல்லாம் எப்படித் தெரியும் அண்ணி?”

“உங்க அண்ணனுக்கு எப்படித் தெரிஞ்சுதாம்?”

எனக்குப் புரியவில்லை.

“பதினொரு வருஷம், தம்பி. பங்களாவுல செஞ்ச மாட்டுக்கறி ஒரு துளிகூட அவரு நாக்குல பட்டதில்ல. மோந்து பாப்பாரு. விரலால அமுக்கிப் பாப்பாரு. ஒருநா சாஸ்ல புளிப்பு ஏறிப்போச்சுன்னு துரைசானி தட்டத் தள்ளிட்டாங்க. துரை கூப்பிட்டு, ‘டேஸ்ட் பண்ணிப் பாத்து செய், இல்லன்னா வேற கோக்கி பாக்கறேன்’னாரு. இவரு, ‘வேற ஆளு பாத்துக்குங்க துரை’ன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. மூணு நாளு அடுப்பு எரியல எங்களுக்கு. நாலாம் நாளு துரையே காரை அனுப்பிக் கூட்டிட்டுப் போனாரு.”

“அண்ணன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?”

“நீங்க கேக்கலியே.”

அண்ணி இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அதனால்தான் தாங்க முடியவில்லை.

“காலைல அந்தக் கறிய எடுக்கறதுக்கு முன்னாடி, ‘முருகா, வயித்துக்காகத்தான்’னு சொல்லிட்டுத்தான் கை வைப்பாரு,” என்றார் அண்ணி. “என்ன, மணி ஆகுது. அடுப்பப் பாருங்க.”

துரை வீட்டு அடுப்பில் மேலேயிருந்து அனல் அடிக்குமாம். நம் அடுப்பில் ஏது? பக்கத்து வீட்டுச் சிட்டி அம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, பாவ்லு பலகாரம் சுடுகிற தகர மூடியைக் கொண்டுவந்து கொடுத்தார். “ஆப்பி ஆத்தாஸ், ஆப்பி பாவா” என்று கையால் காட்டினார். மேலேயும் நெருப்பு, கீழேயும் நெருப்பு. கம்பி வலையில் கறி, அதன்மேல் மூடி, மூடிமேல் தணல். கறியிலிருந்து கொழுப்பு சொட்டிச் சொட்டிச் சீறியது. புகையில் என் கண்ணெல்லாம் தண்ணீர். புகையில்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

“வெந்துச்சான்னு எப்படி அண்ணி பாக்கறது? வெட்டிப் பாக்கவா?”

“வெட்டினா சாறு போயிடும். கறிய அமுக்கிப் பாருங்க, அப்புறம் உங்க மூஞ்சிய அமுக்கிப் பாருங்க. கன்னம் மாதிரி இருந்தா வேகல. மோவாய் மாதிரி இருந்தா துரைக்குப் பிடிச்ச பதம். நமக்கு இன்னும் கொஞ்சம் வேகணும். நெத்தி மாதிரி ஆயிடுச்சோ, போச்சு, செருப்புதான்!”

அமுக்கினேன். கன்னத்தைத் தொட்டேன். மறுபடி அமுக்கினேன். மோவாயைத் தொட்டேன். கடைசியில் எங்கே நெற்றியாகிவிட்டதோ என்று பயந்து, கறிப் பிசுபிசுப்போடு நெற்றியையும் தொட்டுவிட்டேன். திருநீறெல்லாம் சாஸ். தனம் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அண்ணி, இந்த ஒரு வருஷத்தில் நான் பார்க்காத சிரிப்பாகச் சிரித்தார்.

“அவரும் இப்படித்தான்! துண்டால நெத்தியத் தொடச்சுக்கிட்டேதான் வேலை செய்வாரு.”

இலை போட்டோம். அண்ணன் படத்துக்கு முன்னால் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்காயும் சுருட்டும். நடுவில் என் ஸ்டேக். சூடம் காட்டினேன். ஒரு கவளம் எடுத்துக் கொல்லையில் காக்கைக்கு வைத்தோம். காக்கை வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. காஜா பேராங் காக்கைக்கு என்ன, எதற்கும் வரும். அதை வைத்து நான் என் மனசைச் சமாதானப்படுத்திக்கொள்ளவில்லை.

பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். அன்று பின்வாசலில் கொட்டியது எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்காவது தெரியட்டும் என்று, முதல் துண்டை நான்தான் வாயில் போட்டேன்.

மெல்லத்தான் செய்தேன். கறி பூப்போல இருந்தது. மிளகு சரி. புளிப்பு சரி. ஆனால்...

உப்பு!

அடுப்புக்குப் போகிற நிமிஷத்தில் போடவேண்டிய உப்பு. அண்ணி சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டு நின்றவன், அப்படியே மறந்துபோய்க் கறியை வலையில் ஏற்றிவிட்டேன். ஒரு கல் உப்பு இல்லை. ஒருநாள் ருசி பார்க்காமல் சமைத்ததற்கே எனக்கு இந்தக் கதி.

“அண்ணி... உப்பு...”

“தெரியும் தம்பி. நீங்க போடாம ஏத்துனப்பவே பாத்தேன்.”

“சொல்லியிருக்கக் கூடாதா?”

“அவருக்கு பங்களாவுல யாரு சொன்னா?” என்றார் அண்ணி. பிறகு என் முகத்தைப் பார்த்தவர், குரலை இறக்கிக்கொண்டு, “அவரு ஒண்ணும் நினைக்கமாட்டாரு. தம்பி செஞ்சதுன்னு சாப்பிடுவாரு,” என்றார். தன் இலையோரம் இருந்த உப்பைத் தொட்டுக்கொண்டு, இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

பஸ்ஸில் டிக்கெட் பார்ப்பது என் பிழைப்பு. யார் கையில் டிக்கெட் இருக்கிறது, யார் கையில் இல்லை என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். அண்ணன் கையையும் அப்படித்தான் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. அது எதைத் தொட்டது என்று பார்த்தேனே தவிர, அந்தக் கை எதை வாய்க்குக் கொண்டுபோகாமல் பதினொரு வருஷம் காத்தது என்று பார்க்கத் தெரியவில்லை. விரதம் என்று நான் வாராவாரம் எழுதுகிறேனே... அண்ணன் இருந்ததற்குப் பெயர் என்ன?

சாயங்காலம் அண்ணியைப் பஸ் ஏற்றிவிடும்போது, மிச்ச ஸ்டேக்கை எங்கள் கேரியரில் போட்டு மகளுக்குக் கொடுத்தனுப்பினேன். பாத்திரத்தை அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்றார் அண்ணி. வெறுமனே வராது என்று எனக்குத் தெரியும். அவர் என்னைப்போல இல்லை.

உங்களில் யாராவது வீட்டில் செய்து பார்ப்பதானால் ஒன்றே ஒன்று — உப்பு. கடைசி நிமிஷத்தில்தான் போடவேண்டும். ஆனால் என்னைப்போல அவ்வளவு கடைசியில் அல்ல.