ஒன்றாம் நம்பர் பாட்டில்

ஏழு வருஷம் நான் காலி பாட்டில் கழுவினேன். என்ன வேலை என்று யார் கேட்டாலும் அவ்வளவுதான் சொல்வேன். அதற்கு மேல் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தென் துருவத்துக் கடலிலிருந்து கப்பலில் தண்ணீர் பிடித்து வருவார்கள், அதில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு துத்தநாகம் என்று பார்ப்பார்கள், அந்தத் தண்ணீர் பிடிக்கிற பாட்டிலைக் கழுவி அனுப்புவது நான் என்று ஒருமுறை ஆவடி சேக்காட்டில் பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஏம்மா, அங்க பாட்டில் கழுவ ஒரு ஆளு கூடவா இல்ல?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டின் ஒரு கோடியில், கீழே நட்டு போல்ட் கடை, மேலே எங்கள் ஆய்வகம். அந்தத் தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் லேத்துப் பட்டறை. காயப்போட்ட துணியில் கூட இரும்புத் தூள் படியும். இரும்பே இல்லாத தண்ணீரை அளக்கிற இடத்தை அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள், வாடகை குறைவு என்று. "மேலிடத்துல இருக்கிறவங்களுக்குக் கடலும் தெரியாது, தூசியும் தெரியாது" என்று மேடம் சொல்வார். மேடம்தான் அங்கே எல்லாம். டாக்டர் பட்டம் வாங்கியவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவரும் நானும் தவிர ஆய்வகத்தில் இந்தக் கப்பல் பாட்டில் வேலைக்கு வேறு ஆள் கிடையாது.

கடலில் கரைத்த பெருங்காயம் என்போமே, அந்தக் கடலில் இரும்பு அப்படித்தான் இருக்குமாம். அந்தப் பெருங்காயத்தைத் தேடுவதுதான் மேடத்தின் வேலை. எனக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னது ஒன்றுதான். "நீங்க மாசமா இருந்தப்ப ரத்தம் இல்லன்னு மாத்திரை கொடுத்தாங்களே, அந்தக் கடலுக்கும் அதே சோகைதான். மத்த சத்தெல்லாம் இருக்கு. இரும்பு மட்டும் இல்ல. அதனால பாசி வளரல. பாசியத் தின்னுதான் அங்க மத்ததெல்லாம் உயிர் வாழணும்." என் மகள் வயிற்றில் இருந்தபோது என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய நர்ஸை நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தக் கடல் மேல் எனக்கு ஒரு பரிதாபம்.

சோகை பிடித்த தண்ணீரை அளக்க வேண்டுமானால் பாட்டிலில் தூசியளவு கூட இரும்பு இருக்கக் கூடாது. ஆகவே ஒரு வாரம் ஆசிடில் ஊற வேண்டும். எடுத்து அலச வேண்டும். வேறொரு ஆசிடில் மறுபடி ஒரு வாரம். மறுபடி அலசல். பிறகு உள்ளே கொஞ்சம் ஆசிட் ஊற்றி, மூடி, இரண்டு பாலித்தீன் கவரில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்ட வேண்டும். எட்டுப் பெட்டி பாட்டிலுக்கு மூன்று மாதம் ஆகும். கழுவுகிற அறைக்குள் நுழையும் முன் வளையல், மெட்டி எல்லாம் கழற்ற வேண்டும். முகத்துக்குப் பவுடர் கூடாது, அதில் துத்தநாகம் இருக்கிறதாம். நெற்றியில் பொட்டு கூடாது, உதிரும் என்றார் மேடம். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று பொட்டை அழித்துவிட்டு உள்ளே போவேன். முதல் நாள் அழித்ததை ஒருமுறை திரும்ப வைத்துப் பார்த்தேன். அப்புறம் பழகிவிட்டது. சுத்தம் சோறு போடும் என்பது எனக்குப் பழமொழி இல்லை, வேலை.

முதல் வருஷப் பாட்டில்கள் போய், கோடையில் தண்ணீரோடு திரும்பி வந்தன. மேடம் ஒரு மாதம் மெஷின் முன்னால் உட்கார்ந்து அளந்தார். இரும்பு எக்கச்சக்கம். கடலில் ஆணியைப் போட்டு ஊறவைத்த மாதிரி இருக்கிறது என்றார். எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரியும் இல்லை. ஒன்று மோசம், ஒன்று பரவாயில்லை. எந்தக் கணக்கையும் நம்ப முடியாது என்று அந்த வருஷத்து வேலை முழுவதும் குப்பைக்குப் போனது. மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அடுத்த முறையும் இப்படி ஆனால் திட்டத்தை மூடிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். திட்டத்தை மூடினால் மேடத்தை வேறு ஊருக்கு மாற்றுவார்கள். என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள்.

இரும்பு எங்கிருந்து வந்தது என்று மேடம் ஒரு பட்டியல் போட்டார். ஜன்னல் இடுக்கு, குழாய், கூரை, கீழ்க்கடை, கையுறை. ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் கிரைண்டிங் பட்டறையிலதானே இருக்கார்?"

ஆமாம். என் வீட்டுக்காரர் எஸ்டேட்டிலேயே ஒரு பட்டறையில் சாணைச் சக்கரத்தின் முன்னால் நின்று வார்ப்பிரும்பைத் தேய்க்கிறவர். மாலையில் வீட்டுக்கு வரும்போது புருவத்தில், காது மடலில், நகக்கண்ணில் எல்லாம் கறுப்பாக மினுங்கும். தலையை உதறினால் உதிரும். அவர் அப்பா அயப்பாக்கம் பக்கம் கழனியில் கூலிக்குப் போனவர், சேறு பூசி வந்தவர். இவர் இரும்பு பூசி வந்தார். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, மேடம் அந்தக் கேள்வியைக் கேட்கும் வரைக்கும்.

"உங்க மேல தப்புன்னு சொல்லல. தலைமுடில, துணில ஒட்டிட்டு வரலாம்" என்றார். மேலிடத்துக்குப் போகும் அறிக்கையிலும் ஒரு வரி எழுதினார். வேலை செய்பவர் வீட்டிலிருந்து இரும்புத் தூள் வந்திருக்க வாய்ப்பு உண்டு என்று. எனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினார். நல்லவர்தான். அதனால்தான் இன்னும் வலித்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே நிறுத்தினேன்.

"யோவ், அங்கியே நில்லு. பம்ப்ல தண்ணி அட்சி குளிச்சிட்டு, துணிய மாத்திகினு உள்ள வா."

"இன்னாம்மே, புதுசா கீது?"

"உன் மேல கீற இரும்புதான் என் பாட்டில்ல போய் ஒக்காந்துகீதாம். என் வேல போயிடும்யா."

அவர் சண்டை போட்டிருக்கலாம். போட்டிருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும். அப்படியே திரும்பிப் பம்படிக்குப் போனார். எங்கள் பம்பில் வரும் தண்ணீரே துருப்பிடித்த நிறம். பக்கெட் அடியில் செம்மண் மாதிரி தங்கும். இரும்பைக் கழுவ இரும்புத் தண்ணீர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவரைத் தடுக்கவில்லை. ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும் என்ற பயம் வந்துவிட்டால் மனுஷனுக்குப் புத்தி வேலை செய்யாது.

ஜூலையிலிருந்து அக்டோபர் வரை இதே கூத்து. அவர் துணியைத் தனி பக்கெட்டில் போட்டேன். பாயைத் தனியாகப் போட்டேன். என் சீப்பைத் தொடாதே என்றேன். ஆய்வகத்துக்குக் கட்டும் புடவையை அவர் கை படாத இடமாகப் பார்த்து, அரிசி டிரம்மின் மேல் மடித்து வைத்தேன். அவர் பட்டறை விட்டு வந்ததும் என் மகள் ஓடிப்போய் காலைக் கட்டிக்கொள்ளும். ஒருநாள் "தொடாதடி" என்று நான் கத்திய கத்தலில் குழந்தை நடுவழியில் நின்றுவிட்டது. அவர் தூக்கப் போன கையை அப்படியே கீழே போட்டார். அப்புறம் அது ஓடி வருவதில்லை. அவர் குளித்து முடிக்கும் வரை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். சனியன் பிடித்த வேலை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே மறுநாள் காலை பொட்டை அழித்துவிட்டு ஆசிடில் கை வைப்பேன். அலுப்பு என்றால் உடம்பு அலுப்பு இல்லை. வீட்டிலும் கழுவல், வேலையிலும் கழுவல், எதுவும் சுத்தமான மாதிரி தெரியவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் எட்டுப் பெட்டியும் தயாராகிவிட்டது. பூஜை முடிந்த வாரம் லாரி வரும், கோவாவுக்குப் போகும், அங்கிருந்து கப்பல். எஸ்டேட்டில் ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாசலுக்கு வாசல் வாழைக்கன்று, லேத்துக்கெல்லாம் சந்தனம், நடுரோட்டில் பூசணிக்காய். சக்கரம் ஒன்றும் சுற்றாது. தெரு அன்று ஒருநாள்தான் மூச்சு விடும்.

எங்களுக்கும் பூஜை உண்டு. எங்கள் ஆயுதம் பாட்டில்தான். நான் தட்டில் திருநீறு, சந்தனம், குங்குமம் எடுத்துக்கொண்டு பெட்டிகளிடம் போனேன். வெறும் பெட்டிக்குப் பொட்டு வைப்பது எனக்குச் சரியாகப் படாது, சாமியை விட்டுவிட்டுக் கதவைக் கும்பிடுகிற மாதிரி. போன வருஷமும் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, கவரின் முடிச்சை அவிழ்த்து, அதன் முதல் பாட்டில் மூடிக்கு மூன்று விரலால் பட்டை போட்டு, சந்தனக் குங்குமம் வைத்து, கும்பிட்டு முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துத் திரும்பக் கட்டியிருந்தேன். இந்த வருஷமும் முதல் பெட்டியைத் திறந்தேன். முடிச்சை அவிழ்த்தேன். மோதிர விரலில் குங்குமத்தை எடுத்துக்கொண்டு குனிந்தேன். மூடியில் மேடம் கையால் எழுதிய எண் தெரிந்தது. ஒன்று.

விரல் அப்படியே நின்றுவிட்டது.

தட்டைத் தரையில் வைத்துவிட்டு, மேடம் போன வருஷத்து அளவுகளை எழுதிய ரெஜிஸ்டரை எடுத்தேன். எனக்கு அந்தக் கணக்கு படிக்கத் தெரியாது, ஆனால் பெரிய எண் எது, சின்ன எண் எது என்று தெரியும். போன வருஷம், முதல் பெட்டி, ஒன்றாம் பாட்டில், பெரிய எண். இரண்டாவது அதைவிடக் குறைவு. மூன்றாவது இன்னும் குறைவு. ஆறாவதுக்கு மேல் ஒன்றும் இல்லை. இரண்டாம் பெட்டியைப் பார்த்தேன். அதே. எட்டுப் பெட்டியும் அதே. கப்பலில் பாட்டிலைத் திறந்தவன் கையுறையோடு முதலில் ஒன்றாம் மூடியைத் தொட்டிருக்கிறான். அதே கையோடு இரண்டாவதை, அதே கையோடு மூன்றாவதை. மூடியின் மரையில் நான் துடைத்தும் போகாமல் இருந்த திருநீறு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டே போயிருக்கிறது. ஆசிடில் ஊறப் போட்டுக் கழுவிய பாட்டிலுக்கு, என் நெற்றியில் வைக்கக் கூடாது என்று அழித்ததை நானே வைத்திருக்கிறேன்.

மேடம் பொரிப் பொட்டலத்தோடு வந்தார். ரெஜிஸ்டரைத் திறந்து காட்டினேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், பாட்டிலும் இந்த முறை தப்பித்துவிட்டது, யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று அந்த ஆள் பம்படியில் நின்றுகொண்டிருக்கிறாரே.

மேடம் விரலை வைத்து எட்டுப் பக்கமும் பார்த்தார். பிறகு ஒரு பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான்தானே கற்பூரம் காட்டினேன்" என்றார். "கப்பல் நல்லபடியா போய் வரணும்னு கண்ண மூடிக்கிட்டு நின்னேன். பட்டியல்ல குழாய எழுதினேன், கூரைய எழுதினேன். சாம்பல்ல இரும்பு இருக்கும்னு தெரிஞ்சும், பூஜை அழுக்குன்னு தோணவே இல்ல பாருங்க."

சிரித்தார். அழுகிற மாதிரி இருந்தது. எழுந்து அலமாரியிலிருந்து அறிக்கையின் நகலை எடுத்து, என் வீட்டுக்காரரைப் பற்றிய வரியைப் பேனாவால் அடித்தார். திருத்தம் எழுதி அனுப்பிவிடுகிறேன் என்றார். பூஜையை அவர் எந்த வார்த்தையில் எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அந்த வருஷத் தண்ணீர் சுத்தமாகத் திரும்பி வந்தது. அந்தக் கடலில் இரும்பு நிஜமாகவே அவ்வளவு கொஞ்சம்தான். என் வேலையும் தப்பியது, மேடமும் அங்கேயே இருந்தார். ஆனால் அன்று பஸ்ஸில் ஆவடிக்குத் திரும்பும்போது எனக்கு வேலை ஞாபகமே இல்லை. காகிதத்தில் எழுதியதை மேடம் அடித்துவிட்டார். நான் வீட்டில் எழுதியதை எதைக் கொண்டு அடிப்பது என்று வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் பம்படியில் நின்றுகொண்டிருந்தார். ஆயுத பூஜை, சக்கரத்தைத் தொடாத நாள். பட்டறையில் கொடுத்த புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம், குங்குமம். உடம்பில் ஒரு பொட்டு இரும்பு கிடையாது. ஆனாலும் முழங்கை வரை கழுவிக்கொண்டிருந்தார். பொரிப் பொட்டலம் நனையாமல் பக்கத்துச் சுவர் மேல் இருந்தது. என் மகள் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

வாசற்படிக்கு உள்ளே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், திருநீறு, ஒன்று இரண்டு மூன்று என்று இறங்கிய கணக்கு. உன் மேல தப்பில்லைய்யா, நான்தான்யா, என்றேன். எதிரில் நின்று திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கையை உதறிவிட்டு, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தார். படிக்கு வெளியிலேயே நின்றார்.

"அப்ப, நான் உள்ள வர்லாமா?" என்றார்.

நக்கல் இல்லை. நிஜமாகவே கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் முதலில் பொட்டலத்தை உள்ளே நீட்டினார். நான் வாங்கிக்கொண்ட பிறகுதான் காலை எடுத்து வைத்தார்.